திருக்கயிலாய யாத்திரை: அன்று சொல்லாமல் விட்டது



கொஞ்சம் நீளமான பதிவு. அடுத்த கயிலாய யாத்திரைக்குப் பேர் கொடுக்க நினைக்கிறவங்க மட்டுமாவது கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

போன யாத்திரை முடிஞ்சு ஜொகூர் பாருவுக்குத் திரும்பி வந்த அன்னைக்கு, நம்ம கோயில் வாசல்ல எங்களுக்கு மாலை போட்டீங்க. சின்னப் பிள்ளைங்க வந்து கால்ல விழுந்தாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் மண்டபத்துல படம் போட்டுக் காட்டினோம். மானசரோவர் ஏரி, கயிலையின் வடக்கு முகம், டோல்மா கணவாயில் கொடிகளுக்கு நடுவே நாங்க நின்னு எடுத்த படம். போனது பதினொரு பேர். அந்தப் படத்தில் ஒன்பது பேர்தான் இருந்தோம். யாரோ கேட்டதுக்கு, "விளக்கு மாமாவுக்கு உடம்பு கொஞ்சம் முடியல, துணைக்கு ஒரு ஆளோட முன்னாடியே இறங்கிட்டார்"னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டோம்.

அது பொய் இல்ல. ஆனா முழுசும் இல்ல. மீதியை இப்போ எழுதுறோம். மாமாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறோம். "எழுதுங்கப்பா, அடுத்து போறவனுக்கு ஆகும்"னு சொன்னார்.

விளக்கு மாமாவை உங்களுக்குத் தெரியும். பேர் தெரியாதவங்களுக்கும் ஆளைத் தெரியும். சாயங்காலப் பூசைக்குள்ள எல்லாச் சன்னிதி விளக்கையும் புளி போட்டுத் தேய்ச்சு, திரி மாத்தி, எண்ணெய் ஊத்தி வைக்கிறவர். வயசு 61. வேலையை விடுற வரைக்கும் விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து, பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வந்தவர். கயிலாயம் முதல்ல அவரோட ஆசை இல்ல. அத்தையோட ஆசை. மளிகைக் கடைக் காலண்டர்ல வந்த கயிலாயப் படத்தை அத்தை வெட்டி எடுத்து சாமி மேடையில ஒட்டி வெச்சிருந்தாங்க. இன்னைக்கும் அது அங்கேதான் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து போகணும்னு சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்தாங்க. அதுல பாதிக்கு மேல அத்தையோட டயாலிசிஸுக்குப் போச்சு. அத்தை போன பிறகு மாமா திரும்ப முதல்லேர்ந்து சேர்த்தார். ஒரு ஆளுக்கு 15,000 வெள்ளிக்கு மேல ஆச்சு. அந்தப் பணம் எப்படிச் சேர்ந்ததுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். பின்னால நாங்க செஞ்ச தப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

பயிற்சி எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சோம். ஆறு மாசம், ஞாயிற்றுக்கிழமை தோறும் விடியறதுக்கு முன்னாடி குனோங் பூலாய். 654 மீட்டர். ரெண்டு தடவை தங்காக் பக்கம் போய் குனோங் லேடாங். 1,276 மீட்டர், நம்ம ஜொகூர்லேயே உயரமான மலை. வேர் மேல கால் வெச்சு, கயிறு பிடிச்சு, இரும்பு ஏணியில ஏறி உச்சிக்குப் போனோம். ரெண்டு தடவையும் மாமா எங்களுக்கு முன்னால போய் உச்சியில உட்கார்ந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தார். இளவட்டம் எல்லாம் நாக்கு தள்ளிப் போய்ச் சேர்ந்தோம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம், இந்தக் கூட்டத்துல யாருக்கு என்ன ஆனாலும் மாமாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு.

லேடாங் நமக்குச் சொல்லிக் கொடுக்காத ஒண்ணு இருந்துச்சு. அங்கே காடு இருக்கு, ஈரம் இருக்கு, காத்து இருக்கு.

கயிலாயம்னா பனிமலைன்னுதான் காலண்டரைப் பார்த்து நினைச்சிருந்தோம். அந்த மலையைச் சுத்தி இருக்கிறது பாலைவனம். குளிர்ப் பாலைவனம். தெற்கேயிருந்து வர்ற மழை மேகம் இமயமலையோட இந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துடுது. தாண்டி வடக்கே போய்ச் சேர்றது பெரும்பாலும் காத்தும் தூசியும்தான். காத்மாண்டுவுல பசுபதிநாதரைக் கும்பிட்டுட்டு, எல்லையைத் தாண்டி கேரோங் போற வரைக்கும் மரம், அருவி, பச்சை. அங்கிருந்து மலை ஏறிப் பீடபூமிக்குள்ள போனதும், யாரோ ஈரத்துணியால துடைச்சு விட்ட மாதிரி பச்சை காணாமப் போச்சு. செம்மண் நிறம், சாம்பல் நிறம், மேல ஒரே நீலம். மணிக்கணக்கா ஓடியும் ஒரு மரம் கண்ணுல படல. உதடு வெடிச்சு ரத்தம் வந்துச்சு. மூக்குக்குள்ள காய்ஞ்சு பொருக்கு கட்டிச்சு. வேர்வையே வரல, ஆனா தாகம் தீரல. அந்தக் காத்து வேர்வையைத் தெரியாமலேயே உறிஞ்சிடும், ஒரு நாளைக்கு மூணு நாலு லிட்டர் தண்ணி குடிங்கன்னு வழிகாட்டி சொல்லிக்கிட்டே இருந்தார்.

அதைவிடப் பெரிய விஷயம் காத்து. உயரத்துல ஆக்ஸிஜன் விகிதம் குறையறது இல்ல, எங்கேயும் 21 சதவீதம்தான். காத்தோட அழுத்தம்தான் குறையுது. 5,600 மீட்டர்ல அது கடல் மட்டத்துல இருக்கிறதுல ஏறக்குறைய பாதி. அதாவது ரெண்டு தடவை மூச்சு இழுத்தாதான் ஜொகூர் பாருவுல ஒரு தடவை இழுத்த மாதிரி. உடம்பு இதுக்குப் பழகும், ஆனா நாள் எடுக்கும். 3,000 மீட்டருக்கு மேல போனா, தூங்குற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு மலை மருத்துவத்துல ஒரு கணக்கு இருக்கு. நாங்க போன பாதையில கேரோங் சுமார் 2,800 மீட்டர். அடுத்து தங்குற சாகா சுமார் 4,500. ஒரே நாள்ல 1,700 மீட்டர் ஏறிட்டோம். மலேசியாவுலேயே உயரமான கினபாலு 4,095 மீட்டர்தான். அதைவிட உயரத்துல போய் கட்டில்ல படுத்துத் தூங்கப் பார்த்தோம்.

சாகாவுல முதல்ல விழுந்தது எங்க கூட்டத்துல சின்னவன், 24 வயசுத் தம்பி. லேடாங்ல ஓடியே ஏறினவன். ராத்திரி முழுக்க வாந்தி. மலை நோய்க்கு வயசு, உடம்பு பலம் எதுவும் கணக்கு இல்லைன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அவன் மறைக்கல. வழிகாட்டிகிட்ட சொன்னான், மாத்திரை போட்டான், ஓய்வெடுத்தான், மூணாம் நாள் கஞ்சி குடிச்சு எழுந்துட்டான்.

மாமாவுக்குத் தலைவலி ஆரம்பிச்சதும் அங்கேதான். சொல்லல. பனடோல் போட்டுக்கிட்டார். எங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவங்களுக்குத் தெரியாமப் போகுமா? "வழிகாட்டிகிட்ட சொல்லிடாதீங்கப்பா, இங்கேயே நிறுத்திடுவான்"னார். சரின்னு விட்டுட்டோம்.

மானசரோவர் 4,590 மீட்டர். ஏரிக்குள்ள இறங்கி முழுக எங்களை விடல, வாளியில மொண்டு ஊத்திக்கிட்டோம். அந்தத் தண்ணி தலையில விழுந்தப்போ மாமா "அம்மா"ன்னார். அத்தையைத்தான் வீட்டுல அப்படிக் கூப்பிடுவார். அன்னைக்குக் கரையில உட்கார்ந்து பூசை செஞ்சோம். வடக்கே தூரத்துல கயிலாயம் தெரிஞ்சுது. மாமா அரை மணி நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தார். தலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பார்த்தார்.

கயிலாயத்தின் உயரம் 6,638 மீட்டர். அதன் மேல யாரும் ஏறுறது இல்ல. நமக்கு அது சிவன் இருக்கிற இடம். திபெத்திய பௌத்தர்களுக்கும், சமணர்களுக்கும், போன் மதத்தவங்களுக்கும் அது புனித மலை. எல்லாரும் சுத்தித்தான் வர்றாங்க. நாமும் பௌத்தர்களும் வலமா வருவோம், போன் மதத்தவங்க இடமா வருவாங்க. எதிரும் புதிருமா வழியில சந்திச்சா சிரிச்சுக்குவோம். சுத்து 52 கிலோமீட்டர், எங்களுக்கு மூணு நாள். திபெத்தியர்கள் பலர் ஒரே நாள்ல முடிச்சிடுறாங்க. சிலர் உடம்பு முழுக்கத் தரையில படும்படி விழுந்து, எழுந்து, திரும்ப விழுந்தே வாரக்கணக்கில் சுத்துறாங்க. பாதையில உச்சம் ரெண்டாம் நாள் வர்ற டோல்மா கணவாய். 5,630 மீட்டர். லேடாங்கை நாலு தடவை அடுக்கினாலும் எட்டாது.

டார்ச்சென்ல இருந்து கிளம்புறப்போ பஸ்ல ஒரு பேச்சு நடந்துச்சு. மாமா முகம் வீங்கி இருந்துச்சு. "முடியுமான்னு தெரியலப்பா"ன்னு முதல் தடவையா வாய் விட்டுச் சொன்னார். அப்போ நாங்க என்ன செய்யணும்? வழிகாட்டியைக் கூப்பிடணும். அதைச் செய்யாம அப்பர் கதையைச் சொன்னோம்.

அப்பர் சுவாமிகள் கயிலைக்கு நடந்தே போனது உங்களுக்குத் தெரியும். காளத்தி, ஸ்ரீசைலம், காசி எல்லாம் தாண்டி, வயசான காலத்துல தனியாப் போறார். பாதம் தேய்ஞ்சு போச்சு, கையால தவழ்ந்தார். கை தேய்ஞ்சது, மார்பால ஊர்ந்தார். அதுவும் முடியாம உருண்டார். வழியில முனிவரா வந்த சிவன் "திரும்பிப் போ"ன்னு சொன்னப்போ, பார்க்காமத் திரும்ப மாட்டேன்னார். காரைக்கால் அம்மையார் அந்த மலையைக் காலால மிதிக்கக் கூடாதுன்னு தலையாலேயே நடந்து போனாங்க. இதையெல்லாம் சொல்லி, "உங்களுக்கு ஷூ இருக்கு, தடி இருக்கு மாமா, போயிடலாம்"னோம். மாமா கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்து நின்னார். அந்த நேரம் எங்களுக்கே எங்க மேல பெருமையா இருந்துச்சு. பக்தியால ஒரு ஆளைத் தூக்கி நிறுத்திட்டோம்னு.

முதல் நாள் யமத்துவாரத்துல இருந்து டிராபுக் வரைக்கும் ஏறக்குறைய 12 கிலோமீட்டர், ஆத்துப் படுகை ஓரமா. பெரிய ஏற்றம் இல்ல. மாமா குதிரையில வந்தார். டிராபுக் கிட்டத்தட்ட 5,000 மீட்டர். அங்கே போய்ச் சேர்ந்ததும் தலைக்கு நேர் மேல கயிலையின் வடக்கு முகம். சாயங்கால வெயில் பட்டு அந்தக் கரும்பாறை மஞ்சள் ஆச்சு, அப்புறம் செம்பு ஆச்சு, அப்புறம் சாம்பல் ஆச்சு. மாமா குதிரையை விட்டு இறங்கி, வெறும் தரையில உட்கார்ந்து அதைப் பார்த்தார். நாங்க படம் எடுத்துக்கிட்டு இருந்தோம். அவர் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார்னு எங்கள்ல யாருக்கும் தெரியல.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால ஆக்ஸிமீட்டர் சுத்திக்கு வந்துச்சு. விரல்ல மாட்டுற சின்னக் கருவி. தினமும் வழிகாட்டி அதை ஒவ்வொரு அறையாக் கொடுத்து, ஒரு நோட்டையும் கொடுப்பார். அவங்கவங்க எண்ணை எழுதித் தரணும். அந்த உயரத்துல எங்களுக்கெல்லாம் எண்பதை ஒட்டித்தான் காட்டும். ஜொகூர் பாருவுல அப்படி இருந்தா ஆம்புலன்ஸ் கூப்பிடுவோம், அங்கே அது நல்ல எண். எங்க அறையில மாமாவோட சேர்த்து ஏழு பேர். மாமா விரல்ல மாட்டினா 66. கையைத் தேய்ச்சுக்கிட்டு, ஆழமா மூச்சு இழுத்துட்டுத் திரும்ப மாட்டினார். 67. அப்புறம் 65.

மாமா எங்களைப் பார்த்தார். ஒண்ணும் கேட்கல.

நோட்டில் 86 என்று எழுதினோம்.

யார் கைன்னு கேட்காதீங்க. பேனாவைப் பிடிச்சது ஒருத்தர், பார்த்துக்கிட்டு இருந்தது ஆறு பேர். யாரும் "வேணாம்"னு சொல்லல. இவ்வளவு தூரம் வந்துட்டார், இன்னும் ஒரு நாள்தானே, சிவன் பார்த்துக்குவார்னு ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டோம். சிவன் பேரைச் சொல்லி எழுதின பொய் அது.

எங்க கூட வந்த நேப்பாளச் சமையல் ஆள்களில் ஒருத்தர், முன்னால நம்ம ஜொகூர்ல ஒரு தொழிற்சாலையில வேலை பார்த்தவர். மலாய் நல்லாப் பேசுவார். வழி நெடுக "பெலான்-பெலான், பாக் சிக்"னு மாமாவை மெதுவா நடக்கச் சொல்லிக்கிட்டே வருவார். அன்னைக்கு ராத்திரி ஒரு மணி சுமாருக்கு மாமா கழிவறைக்குப் போக எழுந்தார். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழ குளிர். நாங்க எல்லாம் போர்வைக்குள்ள. திரும்பி வர்றப்போ மாமா நம்ம அறைக்கு வராம, சுவரைத் தடவிக்கிட்டு எதிர்ப் பக்கம் போயிருக்கார். பாத்திரம் கழுவிட்டு வந்த அந்தத் தம்பிதான் பார்த்தது. "பாக் சிக், மானா?"னு கேட்டிருக்கார். மாமா தமிழ்ல, "விளக்கு ஏத்தணும், நேரமாச்சு"ன்னாராம்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனா நடை தெரிஞ்சுது. ஓடிப் போய் வழிகாட்டியை எழுப்பிட்டார்.

வழிகாட்டி வந்து மாமாவை ஒரு நேர்கோட்டுல, ஒரு பாதத்துக்கு முன்னால இன்னொரு பாதம் வெச்சு நடக்கச் சொன்னார். மாமாவால மூணு அடி வைக்க முடியல, சாய்ஞ்சார். அதுக்கப்புறம்தான் எங்களுக்கு விளக்கினாங்க. தலைவலி, வாந்தி வந்தா அது மலை நோய். நடை தள்ளாடினா, பேச்சு குழம்பினா, மூளையில நீர் கோத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கிறப்போவே மூச்சு வாங்கினா நுரையீரல்ல நீர். ரெண்டும் மணிக்கணக்குல ஆளைக் கொண்டுபோயிடும். ஆக்ஸிஜன், மருந்து எல்லாம் நேரம் வாங்கத்தான் உதவும். உண்மையான மருந்து கீழே இறங்குறது ஒண்ணுதான். விடியட்டும்னுகூடக் காத்திருக்கக் கூடாது.

வழிகாட்டி நோட்டை எடுத்துப் பார்த்தார். 86. கருவியை மாட்டிப் பார்த்தார். 58. எங்க முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒண்ணும் சொல்லாம நோட்டை மூடி வெச்சுட்டு வண்டிக்கு ஆள் அனுப்பினார்.

"கூட ஒருத்தர் போகணும். யாரு?"ன்னு கேட்டார்.

அந்த அறையில கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. எவ்வளவு நேரம்னு எங்களால சொல்ல முடியல, ஆனா இருந்துச்சு. எல்லார் மனசுலயும் டோல்மா கணவாய்தான். அப்பர் கதை சொன்ன வாய் ஒண்ணும் திறக்கல. கடைசியில சாகாவுல வாந்தி எடுத்த அந்தச் சின்னத் தம்பி எழுந்து ஷூவை மாட்ட ஆரம்பிச்சான். "எனக்குன்னா மாமா வந்திருப்பார்"னான். வேற எதுவும் சொல்லல.

ஆக்ஸிஜன் வெச்சு, போர்வையில சுத்தி, இருட்டுலேயே மாமாவை ஏத்தினோம். வண்டி கிளம்புறப்போ அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்துச்சு. எங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, "மேல போய் என் பேரையும் அத்தை பேரையும் சொல்லி ஒரு நமசிவாய சொல்லிடுங்கப்பா"ன்னார். சொல்றோம் மாமான்னு அழுதோம்.

அங்கே கடிகாரம் பெய்ஜிங் நேரத்துல ஓடுது, ஆறு மணிக்கும் இருட்டுதான். டார்ச் வெளிச்சத்துல ஒன்பது பேர் கிளம்பினோம். இருபது அடி வைக்கிறது, தடி மேல சாயறது. பத்து அடி, சாயறது. வழியில சிவஸ்தல்னு ஒரு இடம். திபெத்தியர்கள் தங்களோட துணியோ முடியோ அங்கே விட்டுட்டுப் போறாங்க. பழைய உயிரை அங்கேயே விட்டுட்டு மேல ஏறுறதா நம்பிக்கை. பாறை முழுக்கத் தொப்பி, சட்டை, பிள்ளைங்க கையுறை. அதைத் தாண்டினா கடைசி ஏற்றம். வாயால மூச்சு இழுத்து இழுத்துத் தொண்டை புண்ணாயிடுச்சு. தலைக்குள்ள ஒரு எண்ணமும் நிக்கல. அடுத்த கல், அடுத்த கல், அவ்வளவுதான்.

டோல்மா கணவாய்க்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய பாறை, அதைச் சுத்தி ஆயிரக்கணக்குல கொடி, காத்துல படபடன்னு அடிக்குது. கற்பூரம் ஏத்தப் பார்த்தோம், நிக்கல. நீங்க மண்டபத்துல பார்த்த படம் அங்கே எடுத்ததுதான். பத்து நிமிஷத்துல வழிகாட்டி இறங்குங்க இறங்குங்கன்னு விரட்டிட்டார்.

இறங்குற வழியில, கீழே பச்சையா கௌரி குண்டம் தெரிஞ்சப்போதான் ஒருத்தர் நின்னுட்டார். "மாமா பேர் சொன்னோமா?"

யாரும் சொல்லல. ஒன்பது பேரும் மறந்துட்டோம். இன்னும் சொல்லப் போனா, அந்த உச்சியில யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்ல. திரும்ப ஏற உடம்புல தெம்பும் இல்ல, அனுமதியும் இல்ல. கௌரி குண்டத்தைப் பார்த்து நின்னு ரெண்டு பேரையும் சொல்லி நமசிவாய சொன்னோம். அப்புறம் பல மணி நேரம், 22 கிலோமீட்டர் முடியற வரைக்கும், யாரும் பேசல.

மாமாவை டார்ச்சென்ல இருந்து புராங்குக்கு இறக்கினாங்க. கூட்டு விசாவில் போனதால் தனியா எல்லை தாண்ட வேற தாள் வேணும்னு அதுக்கே ஒரு நாள் ஆச்சு. அப்புறம் ஹில்சா எல்லை, ஹெலிகாப்டர்ல சிமிகோட், அங்கிருந்து சின்ன விமானத்துல நேப்பாள்கஞ்ச். தம்பி கூடவே இருந்தான். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் இறங்க இறங்க மாமா முகத்துல ஆள் திரும்பி வந்தார்னு சொன்னான். ஒரு வாரம் கழிச்சு காத்மாண்டுவுல நாங்க போய்ச் சேர்ந்தப்போ மாமா தேநீர்க் கடையில உட்கார்ந்து பிஸ்கட் நனைச்சுத் தின்னுக்கிட்டு இருந்தார்.

"சொன்னீங்களா?"ன்னுதான் முதல்ல கேட்டார்.

"சொன்னோம் மாமா"ன்னோம். எங்கேன்னு சொல்லல. திரும்பவும் ஒரு அரைப் பொய்.

ஊருக்கு வந்து, மாலை வாங்கி, படம் காட்டி, எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் மனசு தாங்கல. ஒரு நாள் சாயங்காலம் மாமா விளக்கு தேய்ச்சுக்கிட்டு இருந்தப்போ எல்லாரும் போய்ப் பக்கத்துல உட்கார்ந்தோம். 86ஐயும் சொன்னோம், உச்சியில மறந்ததையும் சொன்னோம்.

86ஐக் கேட்டுட்டு, "நானும்தான் கையைத் தேய்ச்சேன். பாதிப் பங்கு எனக்கு"ன்னார். மறந்ததைக் கேட்டுட்டுச் சிரிக்க ஆரம்பிச்சார். "சரி, என் பேர் மறந்து போச்சு. சிவன் பேராவது ஞாபகம் இருந்துச்சா?"

"இல்ல மாமா. அதுவும் இல்ல."

"அப்போ நல்ல இடம்தான்"னு சொல்லிட்டு அடுத்த விளக்கை எடுத்தார்.

ஆடி அமாவாசை அன்னைக்கு நம்ம கோயில்ல ஓதுவார் அப்பர் கதை சொன்னார், ஞாபகம் இருக்கும். திருவையாற்றில் அப்பருக்குக் கயிலைக் காட்சி கொடுத்த விழா நடக்கிற நாள் அது. வருஷா வருஷம் கேட்கிற கதைதான். ஆனா இந்தத் தடவை, பஸ்ல நாங்க பாதியில நிறுத்தின இடத்துக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு காதுல விழுந்துச்சு. அப்பர் உருண்டதோட கதை முடியல. சிவன் அவரை மேல இழுத்துக்கல. பக்கத்துல ஒரு பொய்கையைக் காட்டி, இதுல முழுகுன்னார். அப்பர் முழுகினார், எழுந்த இடம் திருவையாறு. சோழநாடு, காவிரிக்கரை, அவருக்குப் பழக்கமான ஊர். அங்கேதான் கயிலையைக் கண்டார். வழியில வந்த ஆணும் பெண்ணுமான உயிர்களில் எல்லாம் கண்டார்.

திரும்பிப் போக வெச்சதும் சிவன்தான். அந்தப் பாதியை நாங்க மாமாகிட்ட சொல்லவே இல்ல. ஒரு ஆளை மேல தள்ளுறதுக்கு வேண்டிய அளவு மட்டும் பெரியபுராணத்தை எடுத்துக்கிட்டோம்.

கதை முடிஞ்சு பிரசாதம் வாங்குறப்போ மாமா பக்கத்துல வந்து, "அப்பரை ஐயாத்துக்கு அனுப்பினார். என்னை நேப்பாள்கஞ்சுக்கு அனுப்பினார். நாப்பது டிகிரி வெயில், கொசு வேற. வேர்த்துக் கொட்டுச்சு பாரு, ஜேபிக்கே வந்துட்ட மாதிரி இருந்துச்சு. அந்தத் தம்பி தலையணை உறையை நனைச்சு என் நெத்தியில போட்டான். அதுக்குமேல எனக்கு என்னத்தைக் காட்டணும்?"னார்.

டிராபுக்கில் வடக்கு முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரே, அதைப் பத்திக் கேட்டோம். அந்த ராத்திரி எதுவும் ஞாபகம் இல்லையாம். ஆனா அந்த வெயில் நிறம் மாறினது ஒண்ணும் விடாம ஞாபகம் இருக்காம். "அத்தை படத்துல இருக்கிற முகம் அது இல்லப்பா. படத்துல தெற்கு முகம். இது நான் மட்டும் பார்த்தது. போய்ச் சொன்னேன்"னார். எங்கே போய்ச் சொன்னீங்கன்னு நாங்க கேட்கல. சாமி மேடைக்கு முன்னாலதான் சொல்லியிருப்பார்.

அடுத்த யாத்திரைக்குத் தொண்டூழியர் கூட்டத்துல பேசி சில விஷயம் முடிவு பண்ணியிருக்கோம். பேர் கொடுக்கிறவங்க இதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் கொடுக்கணும்.

1. இதயம், நுரையீரல், ரத்த அழுத்தம், சர்க்கரை எதுவா இருந்தாலும் மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுத்த தாளோட வரணும். மலை நோய் மாத்திரையும் மருத்துவர் சொன்னபடிதான்.

2. ஏறும் வேகத்தைக் குறைக்க, வழியில தங்கும் நாள்களைக் கூட்டுறோம். செலவு கூடும். கூடட்டும்.

3. ஆக்ஸிமீட்டர் எண்ணை அவங்கவங்க எழுத மாட்டாங்க. ஒவ்வொருத்தர் விரலையும் வழிகாட்டியே பார்த்து எழுதுவார்.

4. தலைவலியை மறைக்கிறவர் மட்டுமில்ல, பக்கத்துல படுத்துக்கிட்டு அது தெரிஞ்சும் சொல்லாதவரும் தப்பு செஞ்சவர்தான்.

5. கிளம்புறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஜோடி. ஒருத்தர் இறங்கினா ஜோடியும் இறங்கணும். "யாரு போறது?"ன்னு ராத்திரியில யாரும் கேட்கிற நிலைமை திரும்ப வரக் கூடாது.

6. பாதியில திரும்புறவருக்கும் கோயில் வாசல்ல அதே மாலை.

ஆறாவது மாமா சொல்லிச் சேர்த்தது இல்ல. நாங்க சேர்த்தது. அன்னைக்கு வாசல்ல மாமாவும் அந்தத் தம்பியும் ஓரமா நின்னுக்கிட்டு இருந்தாங்க. எங்க கழுத்துல மாலை இருந்துச்சு. கழட்டிப் போட எங்களுக்குத் தோணல.

இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு குனோங் பூலாய் அடிவாரத்துல இருப்போம். தண்ணி கொண்டு வாங்க. மாமாவும் வருவார், வழக்கம் போல முன்னால போவார். மெதுவா வாங்க, அவசரம் இல்ல. பெலான்-பெலான்.

தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க. எல்லாரும் நல்லா இருக்கணும்.

திருச்சிற்றம்பலம்.